சான்றிதழுக்குத் தண்ணீர்

பார்த்து அண்ணாச்சி, பார்த்து. பையை மேலே வையுங்கள். கால் மட்டும் தொட்டியில் இடிக்காமல் உட்காருங்கள். திருநெல்வேலி வரைக்குமா? நல்லது. நானும் அங்கேதான். இந்த சீட்டுக்கும் சேர்த்து எனக்கு டிக்கெட் போடச் சொன்னேன். “செடிக்கெல்லாம் டிக்கெட் கிடையாது சார், லக்கேஜ்னா கீழ டிக்கியில வைங்க” என்றார் கண்டக்டர். டிக்கியில் போடுகிற சாமானா இது? மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விற்கிறதுக்கு இல்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டதும் இல்லை. பார்வைக்குத்தான் செடி. உண்மையில் இது சான்றிதழ்.

சிரியுங்கள். காலையில் மதுரையில் பதிவு அலுவலகத்து வாட்ச்மேனும் இப்படித்தான் சிரித்தான். வெளியே வரும்போது எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டான். இந்த இலையில் ஊதாவாக ஏதோ தெரிகிறதா? ரப்பர் ஸ்டாம்பு. ‘சரிபார்க்கப்பட்டது.’ தொடாதீர்கள், மசி இன்னும் காயவில்லை.

விஷயம் இவ்வளவுதான். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் இது என் ஆபீஸ் வாசலில் நிமிர்ந்து நிற்க வேண்டும். நிமிர்ந்து நிற்கிறதை ஒரு போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் நாளையிலிருந்து நான் என் பெயரில் கையெழுத்துப் போடலாம். இது சாய்ந்தால் கையெழுத்தும் சாய்ந்தது. மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம் ஆகும். மணி இப்போது ஒன்றேகால். ஏசி பஸ். நாலு மணிக்கெல்லாம் போய்விடுவான். அதனால் எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. தொட்டி குலுங்குகிறது என்கிறீர்களா? அது பஸ்ஸின் ஆட்டம்.

என் பெயர் ஆவுடையப்பன். ஆர்க்கிடெக்ட். என்ஜினீயர் இல்லை. ஊரில் எல்லாரும் என்ஜினீயர் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பத்தொன்பது வருஷம் தோஹாவில் இருந்தேன். கடற்கரையை ஒட்டி வரிசையாக நிற்குமே கண்ணாடிக் கோபுரங்கள், படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்றில் என் கை இருக்கிறது. முழுக் கோபுரம் என்று சொல்ல முடியாது. கழிப்பறைகள். ஆண்கள் பக்கம். இருபத்து மூன்றாவது மாடியிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள் அண்ணாச்சி, கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிறவனும் கோபுரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறான்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரோடு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் என் பதிவு காலாவதியாகிக் கிடக்கிறது. அங்கே இருந்தவரைக்கும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பதிவு இல்லாவிட்டால் வரையலாம், கையெழுத்துப் போட முடியாது. சமையல் செய்யலாம், பரிமாறக் கூடாது என்கிற மாதிரி. அதனால் பெனாசிர் என்று ஒரு பெண்ணை ஆபீசில் சேர்த்தேன். மேலப்பாளையத்துப் பிள்ளை, இருபத்தொன்பது வயது. நான் வரைவேன், அவள் கையெழுத்துப் போடுவாள். ஏற்பாடு அதுதான்.

ஆனால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிப்பாள். படித்தால் போகட்டும் என்று விடலாம். திருத்துவாள்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வரைந்தேன். மூன்று மாடி. மேற்குப் பார்த்த மனை. முகப்பு முழுக்கக் கண்ணாடி, அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே கண்ணாடி. ரோட்டில் போகிறவன் தலை வாரிக்கொண்டு போகலாம். அவள் படத்தை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தாள்.

“சார், பிள்ளை பெத்தவள மேற்கு வெயில்ல வச்சு அவிக்கப் போறீங்களா?”

“ஏசி இருக்கும்மா.”

“கரண்டு போனா?”

“ஜெனரேட்டர்.”

“ஜெனரேட்டரும் நின்னுட்டா?”

“எல்லாமே நின்னுட்டா கட்டடம் மட்டும் எதுக்கும்மா?”

அவள் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் என் மேஜையில் வேறு ஒரு படம் இருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் எல்லாம் ஓட்டை ஓட்டையாகச் செங்கல் சுவர். ஜாலி என்பார்கள். வெயிலை மறித்துக்கொண்டு காற்றை மட்டும் உள்ளே விடுமாம். ‘இதுக்கு ஆஸ்பத்திரின்னு பேர் போடணுமா, கோழிப் பண்ணைன்னு போடணுமா?’ என்று கேட்டேன். ‘எந்தப் பேர் போட்டாலும் கண்ணாடிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்’ என்றாள். பள்ளிக்கூடம் நான் தமிழில் படித்தேன், கல்லூரி ஆங்கிலத்தில். எனக்கு யோசனை ஒரு மொழியில் வரும், கோபம் இன்னொரு மொழியில் வரும். அன்றைக்கு இரண்டுமே வரவில்லை. வெளியே போய் டீ குடித்தேன். அப்போதுதான் தீர்மானித்தேன், பதிவைப் புதுப்பித்தே ஆவது. என் கண்ணாடிக்கு நானே கையெழுத்துப் போடுவது.

விசாரித்தால், சும்மா புதுப்பிக்க முடியாது, மூன்று நாள் தொடர்கல்விப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆர்க்கிடெக்டுகளுக்குப் பாடம் பழசாகிவிடக் கூடாதாம். என்ன பாடம் என்று கேட்டேன். ‘நீடித்த கட்டுமானப் பொருட்களும் வடிவமைப்பும்.’ சுருக்கமாக, பூமியைக் கெடுக்காமல் கட்டுவது எப்படி. எனக்குத் தெரியாததா? இருந்தாலும் போனேன்.

ஆனி மாசம், ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. ஜன்னலே இல்லாத ஹால். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது, ரிமோட்டைக் காணவில்லை. கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் நவநீதன் என்று ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இயற்கைக் காற்றோட்டம் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தோம். கைதட்டினால் கொஞ்சம் சூடு வருகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் மூச்சு வாங்க நிறுத்தினால்கூடக் கைதட்டினோம். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆர்வமான வகுப்பை நான் பார்த்ததே இல்லை என்றார்.

இரண்டாம் நாள் பொருள்களைத் தொட்டுப் பார்க்கிற பயிற்சி. சாம்பல் கல், சுண்ணாம்புப் பூச்சு, மூங்கில் சிம்பு, கரும்புச் சக்கைப் பலகை எல்லாம் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தட்டில் வைத்திருந்தார்கள். அந்த மேஜையைக் கொண்டுபோய் டீ மேஜைக்குப் பக்கத்தில் போட்டது யார் குற்றம்? கரும்புச் சக்கையை டீயில் தோய்த்து மூன்று கடி கடித்த பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘இப்பொருளில் தாங்கள் கண்ட குறை?’ நான் மறைக்கவில்லை. ‘சர்க்கரை போதாது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சான்றிதழ். இங்கேதான் கதையே.

காகிதம் சொரசொரவென்று, நடுவில் புள்ளி புள்ளியாக இருந்தது. விதைக் காகிதமாம். உள்ளேயே துளசி விதை வைத்து அச்சடித்தது. டாக்டர் நவநீதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இதை பீரோவில் பூட்டாதீர்கள். மண்ணில் ஊன்றுங்கள். நீங்கள் கற்றது முளைக்கட்டும்.” கைதட்டல். குளிர்தான். அடியில் சின்ன எழுத்திலும் போட்டிருந்தது: ‘இச்சான்றிதழை மண்ணிலிட்டு நீரூற்றவும்.’

முப்பத்தேழு பேரும் வெளியே வந்தார்கள். எதிரே ஜெராக்ஸ் கடை. வரிசையில் நின்று சான்றிதழை லேமினேட் செய்துகொண்டார்கள். மூன்று நாள் பிளாஸ்டிக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது என்று தலையாட்டியவர்கள். நான் ஒருத்தன்தான் சான்றிதழை முழுதாகப் படித்தவன். படித்ததைச் செய்தவன்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, இந்தத் தொட்டியில் ஊன்றினேன். என் பெயர் மேலே தெரிகிற மாதிரி. என் வீட்டுக்காரி கோமதி காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். “ஏங்க, மதுரையில கேப்பாங்கல்ல. ஒரு போட்டோவாவது எடுத்துட்டு ஊனுங்க” என்றாள். நம்பிக்கை என்று ஒன்று வேண்டாமா அண்ணாச்சி? போட்டோ எடுத்துவிட்டு யாராவது நம்புவார்களா?

காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. முதலில் நவநீதனின் கையெழுத்து கரைந்தது. பிறகு என் பெயர். ‘ஆவுடை’ போய் ‘யப்பன்’ மட்டும் இரண்டு நாள் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. இருபத்திரண்டு நாள். வெறும் மண். ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஊற்றிய தண்ணீரில் மண் வேறு பாதித் தொட்டிக்கு இறங்கிவிட்டது. கோமதிதான் பாவம் பார்த்து, கொல்லையில் மதிலோரத்து மண்ணை இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து தொட்டியை நிரப்பினாள். நல்ல கை அவளுக்கு. அள்ளிப் போட்ட நாலாம் நாள் முளைத்துவிட்டது! சான்றிதழ் நடுவில் இருந்தது, இது ஓரத்தில் முளைத்தது. வேர் நகர்ந்து நகர்ந்து வெளிச்சத்தைத் தேடி வந்திருக்கிறது. அதுதானே உயிர்?

நான் கத்திய கத்தில் கோமதி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஏங்க, அது வந்து...” என்றாள். இருபத்தாறு நாள் என்னோடு சேர்ந்து கஷ்டப்பட்டவள் அல்லவா? நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்குப் புரிகிறது என்று தட்டிக்கொடுத்தேன். அன்றைக்கே பெனாசிருக்குப் போன் போட்டு, “நான் முளைச்சிட்டேம்மா” என்றேன். “சந்தோஷம் சார்” என்றாள். பொறாமை குரலிலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு பூனைத் தொல்லை. தெருவில் இருக்கிற பூனை எல்லாம் என் தொட்டியைத் தேடி வர ஆரம்பித்தது. வந்து, முகர்ந்து, மல்லாந்து உருளும். நேற்று ராத்திரிகூட ஒன்று வந்து தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. யாரோ ஏவிவிடுகிறார்கள் என்று...

என்ன சொல்கிறீர்கள்? பூனைவணங்கியா? குப்பைமேனிக்கு அப்படி ஒரு பெயர் உண்டா? பூனைக்கு அதைக் கண்டால் ஆகாது... ஓ, ரொம்பப் பிடிக்குமா. நீங்கள் என்ன தொழில் அண்ணாச்சி? நாட்டுமருந்துக் கடையா? அதுதானே பார்த்தேன். உங்கள் கண்ணுக்கு ரோட்டோரத்தில் நிற்கிறதெல்லாம் சரக்காகத்தான் தெரியும். இது துளசி. சான்றிதழில் ‘துளசி’ என்று அச்சடித்தே இருந்தது. அச்சில் ஏறினதைவிடக் கண்ணால் பார்க்கிறதா பெரிசு? வாசனையா? வாசனை சாயங்காலம் வரும்.

சரி, விருதுநகர் தாண்டிவிட்டது. கொஞ்சம் புழுக்கமாக இல்லை? ஏசி காற்று வருகிறதா பாருங்கள். வருகிறதா? எனக்கென்னமோ வெறும் சத்தம்தான் வருகிற மாதிரி இருக்கிறது.

எதில் விட்டேன்? அலுவலகம். ஆர்க்கிடெக்டுகளின் பதிவு மன்றம், மதுரை மண்டல அலுவலகம். ஆவணியில் முதல் தடவை போனேன். சௌந்தரவல்லி என்று ஒரு மேடம். அசல் சான்றிதழ் எங்கே என்றார். முளைத்துவிட்டது மேடம் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். “இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல எரிஞ்சுபோச்சு, எலி தின்னுட்டுன்னு சொன்னவங்க உண்டு. முளைச்சுட்டுன்னு யாரும் சொன்னதில்ல.” மேலே எழுதிக் கேட்டு, ஒரு மாசம் கழித்துக் கடிதம் போட்டார்: ‘அசல் எந்த நிலையில் உள்ளதோ அந்த நிலையில் நேரில் கொண்டுவரவும்.’ அதுதான் இன்றைக்குக் காலையில் போனது.

முதலில் அசலை வைத்து மூன்று நகல் கேட்டார். தொட்டியோடு ஜெராக்ஸ் மிஷினில் ஏற்ற முடியாது என்று பியூன் சொன்னார். இலையை மட்டும் கண்ணாடியில் வைத்து, நான் தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன், அவர் மூடியை மெதுவாக அமுக்கினார். கறுப்பாக மூன்று இலை வந்தது. ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு படிவம். முளைத்த சான்றிதழுக்கு என்று தனிப் படிவம் அவர்களிடம் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் வருஷா வருஷம் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று கொடுப்பார்களே, அந்தப் படிவத்தை எடுத்தார்கள்.

“அங்க அடையாளம்?”

பியூன் குனிந்து பார்த்தார். “இடப் பக்கத்து இலையில பூச்சி அரிச்ச ஓட்டை ஒண்ணு மேடம்.”

“இன்னொண்ணு வேணும்.”

“தண்டுல ஒரு மச்சம்.”

“மணமானவரா?”

நான் யோசித்து, “இல்லை” என்றேன்.

பக்கத்து மேஜையில் ஒரு சின்ன வயது அதிகாரி. அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மேடம், இது குப்பைமேனி மாதிரியில்ல இருக்கு?” என்றார். உங்களைப் போலவேதான். எனக்கு உயிர் போய்விட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “செடி பேர் எழுத படிவத்துல கட்டம் இருக்கா? இல்லைல்ல. உயிரோட இருக்கு, உயிரோட இல்ல, ரெண்டே கட்டம்தான். இது உயிரோட இருக்கா, இல்லையா?” அவர் தொட்டியைப் பார்த்து, “இருக்கு மேடம்” என்றார். முத்திரையை எடுத்து, இலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, அந்த அம்மாள் அடித்தார் பாருங்கள், ஒரு இலை கிழியவில்லை. தொழில் தெரிந்தவர்.

பிறகுதான் நிபந்தனை சொன்னார். பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அசல் உயிரோடு இருக்கிறவரைக்கும்தான் செல்லும். வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். இன்றைக்கு ஆறு மணிக்குள் ஆபீஸ் முகவரியில் நிமிர்ந்து நிற்கிற போட்டோ. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

குப்பைமேனிக்கு ஒரு பருவம்தான் ஆயுசா? இருக்கட்டும், அது குப்பைமேனியின் பாடு. சான்றிதழுக்கு மேடம் ஐந்து வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணாச்சி, இலையைப் பாருங்கள். இந்த மேல் இலை. இப்படித் தொங்கிக்கொண்டா இருந்தது? விருதுநகரில் நன்றாகத்தானே நின்றது? கண்டக்டர்! கண்டக்டர் சார்! ஏசி என்ன ஆச்சு?

கம்ப்ரஷர் போய்விட்டதாம். கோவில்பட்டியில் வேறு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறானாம். கோவில்பட்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே! இதோ, இந்தப் பக்கம் பாருங்கள், நம் பக்கம்தான் மேற்கு. வெயில் நேரே மடியில் விழுகிறது. புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்று சும்மாவா சொன்னார்கள். திரையை இழுங்கள். திரைக்குக் கொக்கி இல்லையா? கையால் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். உஸ்ஸ். திரையே சுடுகிறது. கண்ணாடியைத் தொட்டீர்களா? தோசைக்கல் மாதிரி இருக்கிறது.

ஜன்னலைத் திறக்கலாம் என்றால் எங்கே திறக்கிறது? முழுக்க ஒரே கண்ணாடி, அடியிலிருந்து நுனி வரைக்கும். ஒரு கொண்டி இல்லை, ஒரு சந்து இல்லை. நாற்பது பேரை உள்ளே வைத்துப் பாலிதீன் பையில் கட்டினது மாதிரி. உள்ளே வந்த சூடு வெளியே போக ஒரு வழி வைத்தானா? ஏசி என்றைக்காவது நிற்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தானா? எந்த மடையன் அண்ணாச்சி இதை வரைந்தது? அவனைக் கொண்டுவந்து இந்த சீட்டில் உட்கார வைக்க வேண்டும். அவன் மடியில் ஒரு செடியைக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் புத்தி வரும்.

அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்ணா? பின்சீட்டில் அழுகிறதே, அதுவா? ஆமாம், பாவம். குழந்தை கத்தவாவது கத்துகிறது. இது வாய் திறந்து சொல்லுமா?

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? என் பாட்டில் வெந்நீராகிவிட்டது. உங்களுடையது சீரகத் தண்ணீரா? பரவாயில்லை, நாட்டுமருந்துக்காரர் தண்ணீர், நல்லதுதான் செய்யும். மெதுவாக, ஓரத்தில். முத்திரை மேல் படாமல். துண்டை இப்படி விரியுங்கள். தலைக்கு மேல். அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். கை வலித்தால் சொல்லுங்கள், வேறு கையால் பிடிக்கலாம்.

சாத்தூர். இன்னும் ஒரு இலை தொங்கிவிட்டது. முத்திரை இலைதான் மிச்சம், அதுவும் நுனி மடங்குகிறது. நான் உங்களோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறேன், என் வாய் நிற்கவில்லை, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். நாற்பத்தெட்டு வயசு அண்ணாச்சி. பத்தொன்பது வருஷம் வேறு ஒருத்தன் பெயருக்குக் கீழே வரைந்தேன். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை பெயருக்குக் கீழே வரைகிறேன். ஒரு கட்டடம். ஒரே ஒரு கட்டடம், இது ஆவுடையப்பன் போட்டது என்று காகிதத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்கிறது பேராசையா? சொல்லுங்கள். துண்டை இறக்காதீர்கள்.

வந்துவிட்டது. கோவில்பட்டி. முதலில் நாம் இறங்கிவிடுவோம். வழி விடுங்க, வழி விடுங்க, உயிர் இருக்கு கையில! என்னம்மா, முதலில் உங்கள் குழந்தையா? சரி, சீக்கிரம் இறங்குங்கள். அதோ ஒன்று புறப்படுகிறது அண்ணாச்சி, அந்தப் பழைய டப்பா வண்டி. பஸ்ஸைப் பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள். ஒன்றிலாவது கண்ணாடி இருக்கிறதா? எல்லாம் வெறும் கம்பி. ஓடுங்கள். கிழக்குப் பக்கம் இடம் பிடியுங்கள்!

அப்பாடா.

காற்று எப்படி வருகிறது பாருங்கள். கம்பி கம்பியாக இருக்கிறது, வெயில் உள்ளே வரவில்லை, காற்று மட்டும் வருகிறது. உட்காருங்கள், மூச்சு வாங்குங்கள். நாமும் பேசாமல் இருப்போம். இதுவும் மூச்சு வாங்கட்டும்.

அண்ணாச்சி, தூங்கிவிட்டீர்களா? கயத்தாறு வந்துவிட்டது. எழுந்து பாருங்கள். மெதுவாகப் பாருங்கள். எழுந்துவிட்டது! மேல் இலை தூக்கிக்கொண்டுவிட்டது. இந்த ஓட்டை இலையும் பாதிக்கு வந்துவிட்டது. நான் சொல்லவில்லையா? மணி நாலு. ஐந்து மணிக்குள் ஆபீஸ். போட்டோ. முடிந்தது. நாளைக்குக் காலையில் டாக்டரம்மா வருகிறார், அவர் கண் முன்னாலேயே கையெழுத்துப் போடப்போகிறேன்.

ஒரு நிமிஷம் இருங்கள், அந்தப் பிள்ளைதான் போன் பண்ணுகிறாள். ஸ்பீக்கரில் போடுகிறேன், காற்றுச் சத்தத்தில் காது கேட்காது.

“சொல்லு பெனாசிர்.”

“சார், செடி எப்படி இருக்கு?”

“நிமிந்து நிக்கிது. நீ ஒரு காரியம் பண்ணு. நம்ம ஆபீஸ் முன்வராண்டாவில மேற்குப் பக்கம் கண்ணாடி இருக்குல்ல, அதைக் கொத்தனாரை வச்சு இன்னைக்கே கழத்திரு.”

“கண்ணாடியவா சார்?”

“ஆமாம்மா. அந்தச் சூட்டுல மனுஷன் நிக்க முடியுமா? காத்து வரணும், வெயில் வரக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு நீ ஒரு ஜாலி வரைஞ்சேல்ல, நல்ல ஜாலி அது. அதை அப்படியே எடுத்து என் செடிக்குப் போட்டுரு.”

“சார்... அப்போ ஆஸ்பத்திரிக்கு?”

“அது கண்ணாடிதாம்மா. நாளைக்கு நான் கையெழுத்துப் போடுறேன். வச்சிரட்டுமா?”

வைத்துவிட்டாள். புத்திசாலிப் பிள்ளைதான், அனுபவம் போதாது.

ஏன் அண்ணாச்சி என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? பிள்ளை பெற்றவள் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுவாள். இது ஐந்து வருஷம் இருக்க வேண்டாமா?